ஜூலையில் பூமி சூரியனை விட்டு விலகுவதால் குளிர் வருமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வலம்வருகிறது. நாளை அதிகாலை 5.27 மணி முதல் பூமி சூரியனை விட்டு வெகுதொலைவு விலகிவிடும் என்றும், வழக்கமாக 9 கோடி கிலோமீட்டராக இருக்கும் இடைவெளி 15.2 கோடி கிலோமீட்டராகக் கூடும் என்றும், ஆகஸ்ட் வரை இதுவரை காணாத குளிர் நிலவி உடல்வலி, சளி, இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை பரவும் என்றும் அது எச்சரிக்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அக்கறையால்தான் அனுப்புகிறார்கள். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருப்பவர்கள் அதைப் படித்துக் கலங்குவதும் இயல்பே.

இந்தச் செய்தியில் உண்மை ஒன்றே ஒன்றுதான்: ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிடமிருந்து ஆண்டிலேயே மிகத் தொலைவான இடத்தில் இருக்கிறது. மற்றவை எல்லாம் தவறு. ஆனால் "இது வதந்தி" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது போதாது. தொலைவு கூடினால் வெப்பம் குறையத்தானே வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கோவையிலோ தென்காசியிலோ இருப்பவருக்கு அந்த வாரங்களில் உண்மையிலேயே குளிர்ந்த காற்று வீசுவதும் அனுபவம். இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டுமென்றால் சூரியக் குடும்பத்தில் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வரை வர வேண்டியிருக்கிறது.

செய்தி சொல்லும் தொலைவு

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். வானியலில் இதையே ஒரு வானியல் அலகு என்று கொள்கிறார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒளி இந்தத் தொலைவைக் கடக்க 8 நிமிடம் 19 விநாடி எடுத்துக்கொள்கிறது. வாட்ஸ்அப் செய்தியோ 5 ஒளி நிமிடம், அதாவது 9 கோடி கிலோமீட்டர் என்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒளி 9 கோடி கிலோமீட்டர் செல்லும் என்ற கணக்கு சரி. பூமி அங்கே இருக்கிறது என்பதுதான் தவறு.

அந்த இடத்தில் பூமி இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தாலே செய்தியின் நிலை தெரிந்துவிடும்.

1. சூரியனிலிருந்து புதன் சராசரியாக 5.79 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், வெள்ளி 10.82 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஆகவே 9 கோடி கிலோமீட்டர் என்பது வெள்ளியின் பாதைக்கும் உட்புறம். புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவே.

2. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். தொலைவு இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும். இதன்படி 9 கோடி கிலோமீட்டரில் பூமிக்கு இப்போதையதைப் போல் ஏறத்தாழ 2.75 மடங்கு சூரிய ஒளி விழும். அந்த வெப்பத்தில் நம் கடல்கள் கடல்களாக நீடித்திருக்க முடியாது.

3. 9 கோடியிலிருந்து 15.2 கோடிக்கு நகர்ந்தால் வானில் சூரியனின் வட்டு முன்பிருந்த விட்டத்தில் பத்தில் ஆறு பங்காகச் சுருங்கித் தெரியும். ஒரே வாரத்தில் சூரியன் அப்படிச் சுருங்கினால் அதை உலகுக்கு அறிவிக்க எந்தச் செய்தியும் தேவைப்படாது.

15.2 கோடி கிலோமீட்டர் என்ற எண் மட்டும் மெய்யானது. அதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் செய்தி வழிதவறியது.

நீள்வட்டமும் தமிழ் மாதங்களும்

கோள்கள் சூரியனை முழு வட்டத்தில் அல்லாமல் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்பதை 1609இல் யோகான்னசு கெப்ளர் வெளியிட்டார். நீள்வட்டத்தின் மையத்தில் அன்றி, மையத்திலிருந்து விலகிய குவியம் ஒன்றில் சூரியன் இருப்பதால் ஆண்டில் ஒரு முறை பூமி சூரியனுக்கு மிக அருகிலும் ஒரு முறை மிகத் தொலைவிலும் வருகிறது. அருகிலுள்ள இடம் சூரிய அண்மைப் புள்ளி. தொலைவிலுள்ள இடம் சூரிய சேய்மைப் புள்ளி. பூமி அண்மைப் புள்ளியை ஜனவரி முதல் வாரத்தில் கடக்கிறது. அப்போது இடைவெளி சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். சேய்மைப் புள்ளியை ஜூலை முதல் வாரத்தில் கடக்கிறது. அப்போது இடைவெளி சுமார் 15.21 கோடி கிலோமீட்டர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 50 லட்சம் கிலோமீட்டர். தனியே கேட்டால் பெரிய எண். மொத்தத் தொலைவில் அது மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரு தாளில் பூமியின் பாதையை உரிய அளவில் வரைந்து காட்டினால் அது வட்டம் இல்லை என்று எவராலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாடநூல்களில் முட்டை வடிவில் வரையப்படும் படங்கள் புரிதலுக்காக மிகைப்படுத்தப்பட்டவை. தொலைவே பருவங்களுக்குக் காரணம் என்ற எண்ணம் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே பதிந்துவிடுவதற்கு இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இந்த விலகல் திடீரென ஒரு விடியற்காலையில் நேர்வதும் அல்ல. ஜனவரியிலிருந்து ஆறு மாதம் நாள்தோறும் சிறிது சிறிதாக விலகி, அடுத்த ஆறு மாதம் அதே போல் நெருங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. தமிழ் நாட்காட்டியிலேயே இதன் தடம் இருக்கிறது. கெப்ளரின் இரண்டாம் விதிப்படி, கோள் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகரும். ஜனவரியில் விநாடிக்கு சுமார் 30.3 கிலோமீட்டராக இருக்கும் பூமியின் வேகம் ஜூலையில் 29.3 கிலோமீட்டராகக் குறைகிறது. இதன் விளைவாக, இங்கிருந்து பார்க்கையில் சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சூரியன் ஒரு ராசியில் நிற்கும் காலமே தமிழ் மாதம் என்பதால், ஆனி 31 அல்லது 32 நாட்களும் மார்கழி 29 அல்லது 30 நாட்களும் கொண்டிருக்கின்றன. பூமி மிகத் தொலைவில் இருப்பது ஆனியில். மிக அருகில் இருப்பது மார்கழியில். நீள்வட்டம் என்ற கருத்து ஐரோப்பாவில் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சூரியன் எல்லா மாதமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதை அளந்து, பஞ்சாங்கம் கணித்தவர்கள் அதற்கேற்ப மாதங்களை நீட்டியும் குறுக்கியும் வைத்திருந்தார்கள்.

ஆங்கில நாட்காட்டியிலும் இதைச் சரிபார்க்கலாம். மார்ச் மாதச் சமபகலிரவு நாளிலிருந்து செப்டம்பர் சமபகலிரவு நாள் வரை எண்ணினால் 186 நாட்கள் வரும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை 179 நாட்கள்தான்.

தொலைவு மாறுவதால் ஒளி எவ்வளவு மாறும்?

மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலான தொலைவு வேறுபாடு, இருமடி விதிப்படி, ஒளியில் ஏறத்தாழ ஏழு சதவீத வேறுபாடாகிறது. வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனை நேராக நோக்கிய ஒரு சதுர மீட்டரில் ஆண்டுச் சராசரியாக சுமார் 1361 வாட் ஆற்றல் விழுகிறது. ஜனவரியில் இது 1407ஐ ஒட்டியும் ஜூலையில் 1317ஐ ஒட்டியும் இருக்கும்.

ஏழு சதவீதம் என்பது புறக்கணிக்கத்தக்க அளவு அல்ல. நிலமும் கடலும் எங்கும் சமமாகப் பரவிய, அச்சுச் சாய்வே இல்லாத ஒரு பூமியில், இந்த வேறுபாடு நிலைத்து நின்றால் வெப்பநிலை 4 டிகிரி செல்சியசு அளவுக்கு மாறலாம் என்று எளிய கதிர்வீச்சுக் கணக்கு காட்டும். ஆகவே தொலைவுக்கு வேலையே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. அதன் வேலையை வேறொன்று விஞ்சி நிற்கிறது என்பதே சரியான விளக்கம்.

விஞ்சி நிற்பது அச்சின் சாய்வு

பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் அச்சின் வட முனை விண்வெளியில் ஏறத்தாழ ஒரே திசையையே, துருவ நட்சத்திரத்தின் பக்கமே, நோக்குகிறது. இதனால் ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் தென் அரைக்கோளம். ஜூன் 21ஐ ஒட்டிச் சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே வருகிறது. டிசம்பர் 21 அல்லது 22இல் மகரரேகைக்கு நேர் மேலே வருகிறது.

சாய்வு இரண்டு வழிகளில் வெப்பத்தை மாற்றுகிறது. முதலாவது கோணம். டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் சிறிய, பிரகாசமான வட்டம் விழும். சரித்துப் பிடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கும். சூரியன் வானில் தாழ்ந்திருக்கும்போது நிலத்தில் நடப்பது இதுவே. அதோடு ஒளி அதிக அளவு காற்றையும் ஊடுருவி வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது பகலின் நீளம்.

இவற்றின் வலிமையைத் தொலைவின் வலிமையோடு ஒப்பிட, சென்னையின் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சென்னையின் அட்சம் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு. கீழுள்ளவை வளிமண்டலத்தின் உச்சியில் விழும் ஒளிக்கான கணக்குகள். மேகமும் தூசியும் சேர்க்கப்படவில்லை.

1. ஜூலை முதல் வார நண்பகலில் சூரியன் சென்னையின் அடிவானத்திலிருந்து சுமார் 80 டிகிரி உயரத்தில், சற்றே வடக்கில் நிற்கும். ஜனவரி முதல் வார நண்பகலில் சுமார் 54 டிகிரி உயரத்தில், தெற்கில் நிற்கும்.

2. கோணத்தை மட்டும் கருதினால், ஜூலை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் ஒளியில் 82 சதவீதமே ஜனவரி நண்பகலில் விழும்.

3. அண்மையால் ஜனவரிக்குக் கிடைக்கும் ஏழு சதவீதத்தைச் சேர்த்தால் இது ஏறத்தாழ 88 சதவீதமாக உயரும். இடைவெளி குறைகிறது, ஆனால் அடைபடவில்லை.

4. ஜூலைத் தொடக்கத்தில் சென்னையின் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜனவரித் தொடக்கத்தில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாள் முழுவதும் விழும் ஒளியைக் கூட்டினால், ஜூலை நாளுக்கு 100 என்று வைத்தால் ஜனவரி நாளுக்கு சுமார் 78தான் வருகிறது.

பூமி சூரியனுக்கு 50 லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் சென்னைக்கு ஜனவரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகவே ஒளி கிடைக்கிறது. வடக்கே போகப்போக இந்த வேறுபாடு விரியும். இதே கணக்கை டெல்லிக்குப் போட்டால் ஜூலை நாளின் ஒளியில் ஏறத்தாழ பாதிதான் ஜனவரி நாளுக்குக் கிடைக்கிறது.

அதே கணக்கில் இன்னொரு விடையும் வெளிப்படுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் டெல்லிக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஒளி, சென்னைக்குக் கிடைப்பதைவிட சுமார் எட்டு சதவீதம் அதிகம். நிலநடுக்கோட்டை நெருங்கியிருப்பதால் நமக்கே எப்போதும் அதிக வெயில் என்று நினைக்கிறோம். கோடையில் அது மெய்யல்ல. வடக்கே சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்பதோடு பகலும் நீண்டிருக்கிறது. அந்தக் கூடுதல் வெப்பம்தான் அடுத்து நாம் காணப்போகும் காற்றுகளை இயக்குகிறது.

தென் அரைக்கோளம் தரும் சான்று

பூமி முழுவதும் ஒரே நாளில்தான் சேய்மைப் புள்ளியைக் கடக்கிறது. தொலைவே பருவத்தை முடிவு செய்வதாக இருந்தால் ஜூலையில் உலகெங்கும் குளிர்காலமாக இருக்க வேண்டும். ஜூலையில் சிட்னியில் குளிர்காலம்; லண்டனில் கோடை. வாட்ஸ்அப் செய்தி தென் அரைக்கோள நாடுகளில் பரவும்போது அங்கே உண்மையிலேயே குளிர் நிலவுவதால் அது மெய்போலத் தோன்றிவிடுகிறது. காரணம் வேறு, காலம் மட்டும் ஒன்று.

இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. பூமியின் மேற்பரப்பு வெப்பநிலையை உலகம் முழுவதற்கும் சராசரி எடுத்தால், ஜனவரியைவிட ஜூலையில்தான் அது சில டிகிரி அதிகம். சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மாதத்தில் பூமி மொத்தத்தில் அதிக வெப்பமாக இருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வட அரைக்கோளத்தில் இருப்பதே இதற்குக் காரணம். மண்ணும் பாறையும் விரைவில் சூடாகும். அவற்றின் மேல்பரப்பு மட்டுமே சூடேறுவதால் வெப்பநிலை சட்டென உயரும். கடல் நீர் அதே அளவு வெப்பத்தை வாங்கி ஆழத்துக்குக் கலந்துவிடுவதால் அதன் வெப்பநிலை மெல்லத்தான் உயரும். ஜனவரியில் ஏழு சதவீதக் கூடுதல் ஒளி விழுவது பெரும்பாலும் கடல் நிறைந்த தென் அரைக்கோளத்தின் மேல். அதனால் அந்தக் கூடுதல் ஒளி வெப்பமானியில் பெரிதாகத் தெரிவதில்லை.

அப்படியானால் ஆனியிலும் ஆடியிலும் வீசும் குளிர்காற்று?

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல்வழக்கு உள்ள நாட்டில், ஜூலையில் குளிர்ந்த காற்று வீசுவதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் காற்றைச் சூரியன் விலகியதன் அடையாளமாகச் செய்தி காட்டுகிறது. உண்மை நேர்மாறானது: அந்தக் காற்று வீசுவதற்கே வட இந்தியாவின் கடும் வெயில்தான் முதன்மைக் காரணம்.

காற்று எப்போதும் அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்தை நோக்கி நகர முயலும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தான், பஞ்சாப், பாகிஸ்தானின் சமவெளிகள் ஆகியவை கொதிக்கின்றன. மேலே சூடான காற்று விரிந்து எழ, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. அதே வேளையில் தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் நடப்பதால், மொரீசியசை உள்ளடக்கிய மஸ்கரேன் தீவுகளுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உயர் அழுத்தப் பகுதி வலுப்பெறுகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும், பூமியின் தன்சுழற்சி விளைவால் வலப்புறம் திரும்பி, தென்மேற்கிலிருந்து இந்தியாவை நோக்கி வீசத் தொடங்குகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்தில் அது தொடங்கும் இயல்பான நாளாக இந்திய வானிலை ஆய்வுத் துறை ஜூன் 1ஐக் கொண்டிருக்கிறது.

அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் இந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையின் உச்சியிலும் மேற்குச் சரிவிலும் உள்ள நம் ஊர்களான தேவாலா, சின்னக்கல்லார், அவலாஞ்சி ஆகியவை இந்த மழையை நேரடியாகப் பெறுகின்றன. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடும் ஆகிறது. எனவேதான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாக இருக்கிறது.

ஆனால் மலைத்தொடர் முழுச் சுவர் அல்ல. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய், தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய இடைவெளிகள் வழியே காற்று சூடேறாமல், ஈரமும் முழுதாக வற்றாமல் உள்ளே பாய்கிறது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தின் ஜூலைக் குளுமையும், தென்காசி, குற்றாலத்தின் சாரலும் இந்த வழிகளின் கொடை. முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பகுதிகளிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும், அவற்றின் மின்னுற்பத்தி மே இறுதி முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

அதே ஜூலையில் சென்னையின் பகல் வெப்பநிலை பல நாட்களில் 35 டிகிரியை ஒட்டியே இருக்கும். மாலையில் இடிமழை பெய்தால்தான் ஆறுதல். திருச்சியிலும் மதுரையிலும் புழுதிக்காற்றோடு வெயில் நீடிக்கும். குற்றாலத்தில் குளிரும் அதே நாளில் மதுரையில் சுடுகிறது என்பதை, இரண்டு ஊர்களுக்கும் ஒன்றாகவே இருக்கும் சூரியத் தொலைவால் விளக்க முடியாது. மலையும் கணவாயும் மேகமும்தான் விளக்க முடியும்.

அக்டோபருக்குப் பின் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. சூரியன் தெற்கே நகர, வடக்கிலுள்ள பெருநிலம் விரைவில் குளிர்ந்து உயர் அழுத்தம் கொள்ள, காற்று வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் வழியே வீசத் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை இந்த வடகிழக்குப் பருவமழையே தருகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் பங்கு இன்னும் கூடுதல்.

கத்திரி வெயிலும் மார்கழிப் பனியும்

சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரு முறை: ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 1ஐ ஒட்டியும் இது நிகழும். ஆனால் கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திரக் காலம் மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31இல். உச்சிச் சூரியனுக்கும் உச்ச வெப்பத்துக்கும் இடையே இந்தத் தாமதம் ஏன்?

நண்பகலில் சூரியன் உச்சியில் இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் வெக்கை மிகுகிறது. வாங்கும் வெப்பம் இழக்கும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும்வரை நிலம் தொடர்ந்து சூடேறிக்கொண்டே போகும். ஆண்டளவிலும் அதுவே நடக்கிறது. இதோடு மே மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்துவிட்டால், கடற்காற்று கரையேறுவது பிற்பகல்வரை தாமதமாகும். சென்னையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் அத்தகையவை. ஆகஸ்டில் சூரியன் இரண்டாம் முறை உச்சிக்கு வரும்போது மேகமும் மண்ணில் ஈரமும் இருப்பதால் மே மாத வெப்பம் திரும்புவதில்லை. ஒரே கோணம், ஏறத்தாழ ஒரே நீளமுள்ள பகல். ஆனாலும் வேறு வானிலை.

மார்கழியும் தையும் மறுபக்கம். வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, இரவு நீண்டிருக்கும் அந்த வாரங்களில் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தடையின்றி விண்வெளிக்குக் கதிர்வீசி இழக்கிறது. உதகையில் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி படர்வது பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். பூமி சூரியனுக்கு ஆண்டிலேயே மிக நெருங்கியிருக்கும் நாட்களில் நம் மலைகளில் புல் உறைகிறது என்ற ஒரு செய்தியே, விலகினால் குளிரும் என்ற எச்சரிக்கைக்குப் போதுமான மறுப்பு.

நோய் பற்றிய எச்சரிக்கைக்கும் ஒரு சொல். சளிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் பெரும்பாலும் வைரசுகள். மழைக்கால ஈரப்பதமும் அடைத்த அறைகளில் பலர் கூடியிருப்பதும் அவை பரவ உதவும். ஜூலையில் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சூரியன் அருகே வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் வானத்தைக் காரணம் காட்டும் ஒரு செய்தி, சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கக்கூடும் என்பதே எனக்குள்ள பெரிய கவலை.

தொலைவு பெரிதாகப் பேசும் இடங்கள்

சூரியக் குடும்பத்தில் தொலைவு மாறுவது பருவத்தை அழுத்தமாக மாற்றும் கோள்களில் ஒன்று செவ்வாய். அதன் அச்சுச் சாய்வு 25 டிகிரி, பூமியை ஒத்தது. ஆனால் அதன் பாதை வட்டத்திலிருந்து நம்முடையதைவிட மிகவும் விலகிய நீள்வட்டம்: சூரியனிடமிருந்து 20.7 கோடி கிலோமீட்டர் முதல் 24.9 கோடி கிலோமீட்டர் வரை அதன் தொலைவு மாறுகிறது. இதனால் அண்மைப் புள்ளியில் அங்கே விழும் ஒளி சேய்மைப் புள்ளியில் விழுவதைவிட சுமார் 45 சதவீதம் அதிகம். செவ்வாயின் தெற்குக் கோடை குறுகியதாகவும் வெப்பம் மிக்கதாகவும் இருப்பதும், கோளையே மூடும் புழுதிப்புயல்கள் அந்தக் காலத்தை ஒட்டி எழுவதும் இதனால்தான்.

நம் பூமியிலும் தொலைவு பேசும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டு அளவில். அண்மைப் புள்ளி நாள், பருவங்களோடு ஒப்பிட, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அது டிசம்பர் மாதக் கதிர்த்திருப்ப நாளோடு, அதாவது சூரியன் மகரரேகைக்கு நேர் மேலே வரும் நாளோடு, ஒன்றியிருந்தது. இப்போது ஜனவரி முதல் வாரத்துக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளில் இது பருவங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். சுமார் 10,000, 11,000 ஆண்டுகளுக்கு முன் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருந்தது வட அரைக்கோளக் கோடையில். அப்போது ஆசிய, ஆப்பிரிக்க நிலங்கள் கோடையில் இன்னும் கடுமையாகச் சூடேறின. பருவக்காற்றுகள் இன்றையதைவிட வலுவாக வீசின. இன்று மணலாகக் கிடக்கும் சகாராவில் அக்காலத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்ததற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. பாதையின் நீட்சி, அச்சின் சாய்வு, அண்மைப் புள்ளியின் நகர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து பனியுகங்களின் வருகையையும் விலகலையும் எவ்வாறு நெறிப்படுத்துகின்றன என்பதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலான்கோவிச் கணக்கிட்டுக் காட்டினார்.

பாதையின் நீட்சியும் நிலையானது அல்ல. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு அளவிலான சுழற்சியில் அது கூடிக் குறைகிறது. தற்போது அது குறைந்துவரும் காலம். அடுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பூமியின் பாதை இன்னும் வட்டத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே இன்றுள்ள 50 லட்சம் கிலோமீட்டர் வேறுபாடு, அந்த அளவுக்கு, நூற்றாண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்கிவருகிறது.